ரோமன் விரல் எத்தனை பொயின்ட்?



பதிவு கொஞ்சம் நீளம். தேநீரை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

சென்ற தவணை எங்கள் பாடசாலையில் கணிதக் கண்காட்சி நடந்தது. நாங்கள் கற்பிப்பது பண்டத்தரிப்பில். தரம் 10 பிள்ளைகளுக்குக் கிடைத்தது "பழைய அளவைகள்" என்ற மூலை. ஒரு குழுவுக்குச் சாணும் முழமும், இன்னொரு குழுவுக்கு ரோமரின் நீள அளவைகள். கற்பிக்கிற நாங்கள் இரண்டு பேர், பிள்ளைகள் பதினான்கு பேர். இந்தப் பதிவில் "நாங்கள்" என்று வரும் இடமெல்லாம் அத்தனை பேரையும் சேர்த்தே வாசியுங்கள்.

ரோமர் குழுவில் ஒரு மகன் கணினிக்கு முன் இருந்து விளம்பர அட்டை தயாரித்துக்கொண்டிருந்தான். எழுத்தின் அளவைத் தெரிவு செய்யும் பெட்டியில் 8, 9, 10, 11, 12, 14 என்று எண்கள் வரிசையாக இறங்குமே, அதைப் பார்த்தபடி கேட்டான்: "சேர், ரோமற்ற விரல் ஒண்டு இதில எத்தினை பொயின்ட் வரும்?"

எல்லோரும் சிரித்தோம். பிறகு யாருக்கும் பதில் தெரியாது என்பது விளங்கியது. அன்று பின்னேரம் மூன்று மணிக்குக் கணக்கைத் தொடங்கினோம். அது எங்களை ரோமுக்கும் பரிஸுக்கும் மானிப்பாய்க்கும் கொண்டுபோய், கடைசியில் எங்கள் வகுப்பறையிலேயே, நாங்கள் செய்த ஒரு பிழையின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தியது.

முதலில் கணக்கு

ரோமரின் நீள அளவைகளுக்கு அடிப்படை "பெஸ்". பாதம் என்று பொருள். அகழ்வுகளில் கிடைத்த வெண்கல அளவுகோல்களையும் கட்டடங்களையும் அளந்து பார்த்து, ஒரு பெஸ் ஏறத்தாழ 296 மில்லிமீற்றர் என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள்.

பொயின்ட் என்பது இன்றைய கணினியில் அங்குலத்தின் 72இல் ஒரு பங்கு. அங்குலம் 25.4 மில்லிமீற்றர். ஆகவே ஒரு பொயின்ட் 0.3528 மில்லிமீற்றர். எந்த நீளத்தையும் மில்லிமீற்றரில் எழுதி, 72ஆல் பெருக்கி, 25.4ஆல் வகுத்தால் பொயின்ட் வந்துவிடும். 12 பொயின்ட் ஒரு பைக்கா. 6 பைக்கா ஓர் அங்குலம்.

பிள்ளைகள் அட்டையில் எழுதிய விடைகள் இவை:

டிஜிட்டஸ் (விரல்): பாதத்தில் 16இல் ஒன்று. 18.5 மி.மீ. 52.4 பொயின்ட்.
உன்சியா: பாதத்தில் 12இல் ஒன்று. 24.7 மி.மீ. 69.9 பொயின்ட்.
பால்மஸ் (உள்ளங்கை அகலம்): 4 விரல். 74 மி.மீ. 209.8 பொயின்ட்.
பெஸ் (பாதம்): 296 மி.மீ. 839 பொயின்ட்.
குபிட்டஸ் (முழம்): ஒன்றரைப் பாதம். 444 மி.மீ. 1,258.6 பொயின்ட்.
பஸுஸ் (இரட்டை எட்டு): 5 பாதம். 1.48 மீற்றர். 4,195 பொயின்ட்.
மில்லே பஸுஸ் (ஆயிரம் எட்டு, அதாவது மைல்): 1,480 மீற்றர். ஏறத்தாழ 41 இலட்சத்து 95 ஆயிரம் பொயின்ட்.

கேட்ட பிள்ளைக்குப் பதில் கிடைத்துவிட்டது. ரோமன் விரல் ஒன்று 52.4 பொயின்ட். கண்காட்சிக்கு அது போதும். ஆனால் கணக்குச் செய்யும்போதே மூன்று விஷயங்கள் எங்களை விடாமல் பிடித்துக்கொண்டன.

ஒன்று: இந்த விரல் நமக்கும் தெரிந்த விரல்

பக்கத்து மேசையில் இருந்த சாண், முழக் குழு தங்கள் அட்டையைக் கொண்டுவந்து ரோமர் அட்டைக்குப் பக்கத்தில் வைத்தது. 12 விரல் ஒரு சாண். 2 சாண் ஒரு முழம். ஆகவே ஒரு முழம் 24 விரல். ரோமரின் குபிட்டஸ் ஒன்றரைப் பாதம். ஒரு பாதம் 16 விரல். ஆகவே குபிட்டஸும் 24 விரல்தான். அர்த்தசாஸ்திரத்தின் முழமும் 24 அங்குலம். "அங்குலம்" என்ற சொல்லே வடமொழியில் விரலைக் குறிப்பது.

ரோமரிடமிருந்து நாங்களோ, எங்களிடமிருந்து ரோமரோ எடுத்தது என்று இதற்குப் பொருளில்லை. மனிதக் கை எங்கும் ஒரே மாதிரி. முழங்கை முதல் நடுவிரல் நுனி வரை விரலை அடுக்கிப் பார்த்தால் எந்த நாட்டிலும் அந்த எண்ணுக்குக் கிட்டத்தான் வரும். ஆனாலும் பண்டத்தரிப்பிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றரில் இருக்கிற கந்தரோடையில் ரோம நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. 1917ஐ அடுத்த ஆண்டுகளில் போல் ஈ. பீரிஸ் அங்கு அகழ்ந்தபோது வெளிவந்த பொருட்களில் அவையும் இருந்தன. அந்த நாணயம் எத்தனையோ கை மாறித்தான் இங்கு வந்திருக்கும். அந்தக் கைகளில் ஒன்றாவது துணியை முழம் போட்டு அளந்திருக்கும். அளந்தவர் எந்த மொழி பேசினாலும் முழத்துக்கு 24 விரல் என்பதில் தகராறு வந்திருக்காது.

இன்னொரு சின்ன விஷயம். ரோமர் பாதத்தை இரண்டு விதமாகப் பிரித்தார்கள். கட்டடக்காரருக்கு 16 விரல், கணக்கருக்கு 12 உன்சியா. 16இல் ஒன்று என்றால் நமக்கு அது மாகாணி. 12க்கு இருக்கும் வசதி பிள்ளைகளுக்கே தெரியும்: இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் மீதியில்லாமல் பிரிக்கலாம். "உன்சியா" என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அவ்வளவுதான். நீளத்திலும் அது உன்சியா, நிறையிலும் உன்சியா. அந்த ஒரே சொல் ஆங்கிலத்துக்குப் போய் இரண்டாகப் பிரிந்தது. நிறையில் அவுன்ஸ், நீளத்தில் இஞ்சு.

நாம் இஞ்சை "அங்குலம்" என்கிறோம். ரோமரின் பன்னிரண்டில் ஒரு பங்குக்கு நம்முடைய விரலின் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறோம். ரோமரின் விரலோ அதைவிட 6 மில்லிமீற்றர் சிறியது. மாணவர்கள் குழம்பினால் அவர்கள்மேல் பிழையில்லை.

இரண்டு: ஒரே பாதம், மூன்று விடை

839 பொயின்ட் என்று எழுதினோம் அல்லவா? அது கணினியின் பொயின்ட். ஆனால் பொயின்ட் என்பது கணினிக்கு முன்பே ஈய எழுத்துக் காலத்தில் பிறந்தது. அதுவும் ஒரே ஒரு பொயின்ட் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் எழுத்தின் அளவுக்கு எண் கிடையாது, பெயர்தான். ஆங்கிலேயரிடம் பைக்கா, லோங் பிரைமர், பிரெவியர், கிரேட் பிரைமர். ஐரோப்பாவின் பல நாடுகளில் பைக்காவுக்கு ஒத்த அளவின் பெயர் சிசெரோ. ரோமப் பேச்சாளர் சிசெரோவின் நூலை அச்சிட்ட எழுத்தால் அந்தப் பெயர் வந்தது என்பது அச்சுத் தொழிலில் வழிவழியாகச் சொல்லப்படும் காரணம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒரு வார்ப்பகத்தின் பைக்காவும் இன்னொன்றின் பைக்காவும் பொருந்தாது. இரண்டு இடத்தில் வாங்கிய எழுத்தை ஒரே வரியில் கோத்தால் வரி நேராக நிற்காது.

பிரான்சில் ஃபூர்னியே 1737இல் இதற்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். எழுத்தின் அளவைப் பொயின்ட் என்ற சிறு அலகால் எண்ணலாம் என்றார். 1780களில் டிடோ என்பவர் அந்தப் பொயின்டைப் பிரெஞ்சு அரசரின் பாதத்தோடு கட்டினார். அந்தப் பாதம் 324.8 மில்லிமீற்றர். அதன் அங்குலத்தில் 72இல் ஒன்று டிடோ பொயின்ட்: 0.376 மில்லிமீற்றர். சில ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வந்தது. அரசர் போனார், அரசரின் பாதமும் போனது, மீற்றர் வந்தது. ஆனால் அச்சகங்களின் எழுத்துப் பெட்டிகளில் அரசரின் பாதம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது. ஈயத்தை உருக்கி மறுபடி வார்க்க யாரிடம் காசு?

அமெரிக்காவில் 1871இல் சிக்காகோ நகரம் எரிந்தது. எரிந்தவற்றில் ஓர் எழுத்து வார்ப்பகமும் இருந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து வார்க்க வேண்டி வந்தபோது, இனியாவது ஓர் ஒழுங்கில் வார்ப்போம் என்று தொடங்கினார்கள். 1886இல் அமெரிக்க வார்ப்பகங்கள் ஒன்றுகூடி ஒரே பொயின்டை ஏற்றுக்கொண்டன. அது 0.3515 மில்லிமீற்றர். அங்குலத்தில் சரியாக 72இல் ஒன்றல்ல, மயிரிழை குறைவு. புழக்கத்தில் இருந்த ஒரு பெரிய வார்ப்பகத்தின் பைக்காவையே எல்லோருக்கும் பொதுவாக்கியதால் அந்தக் குறை அப்படியே நின்றது. பின்னர் 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் அங்குலத்தை 25.4 மில்லிமீற்றர் என்று உடன்பட்டன. 1980களில் அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, கணக்குச் சுலபமாகட்டும் என்று, பொயின்டை அங்குலத்தில் சரியாக 72இல் ஒன்றாக்கியது. இன்று எங்கள் கணினியில் இருப்பது அதுதான்.

ஆகவே ஒரு ரோமன் பாதம் டிடோ பொயின்டில் 787. பழைய அமெரிக்கப் பொயின்டில் 842. கணினிப் பொயின்டில் 839. மூன்றும் சரி.

ரோமரிடமும் இதே கதைதான். அவர்களின் நியமப் பாதம் யூனோ மொனேட்டா கோயிலில் வைக்கப்பட்டிருந்தது. ஆனால் வடக்கே ஜேர்மானியப் பகுதியில் 18 விரல் நீளமான வேறொரு பாதம் புழங்கியது. பேரரசு ஒன்று, பாதம் இரண்டு. "அதுக்கு 944 பொயின்ட் சேர்" என்று ஒரு மகள் உடனே சொன்னாள். கணக்கு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது.

மூன்று: மானிப்பாய் எழுத்தின் பொயின்ட் என்ன?

இந்த இடத்தில் கதை எங்கள் ஊருக்கு வருகிறது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, பிறகு உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் என்று நிலையங்கள் அமைத்தார்கள். பண்டத்தரிப்புக்கு 1820இல் வந்தவர் வைத்தியர் ஜோன் ஸ்கடர். அதே ஆண்டு ஜேம்ஸ் கரெட் என்ற அச்சாளரும் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்தார். அப்போது ஆளுநர் பொறுப்பில் இருந்த எட்வேட் பார்ன்ஸ் அவரை இங்கே தங்க விடவில்லை. கரெட் பம்பாய்க்குப் போனார். அச்சு இயந்திரத்தையும் எழுத்தையும் கண்டு அரசு அஞ்சியது என்பதை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. நீங்களும் யோசித்துப் பாருங்கள்.

1834இல் அமெரிக்க மிஷன் அச்சகம் மானிப்பாயில் இயங்கத் தொடங்கியது. பொறுப்பாக இருந்தவர் ஈஸ்ட்மன் மைனர் என்ற அச்சாளர். எங்கள் பாடசாலையிலிருந்து அந்த இடம் ஏழெட்டுக் கிலோமீற்றர், ஏறக்குறைய ஐந்து ரோமன் மைல். 1841 ஜனவரி 7ஆந் திகதி அங்கிருந்து உதயதாரகை வெளிவந்தது. தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்திரிகை, மாதம் இருமுறை. அடுத்த ஆண்டு 58,500 சொற்கள் கொண்ட யாழ்ப்பாண அகராதி அதே அச்சகத்தில் வந்தது. மானிப்பாய் அகராதி என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். 1836இல் பண்டத்தரிப்பு ஸ்கடரும் உடுவில் வின்ஸ்லோவும் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே மிஷன் அச்சகத்தை நடத்திய பி. ஆர். ஹன்ட் சிறிய தமிழ் எழுத்துகளை உருவாக்கிப் பெயர் பெற்றவர். 1862இல் வின்ஸ்லோவின் தமிழ் ஆங்கில அகராதியை அச்சிட்டவரும் அவரே. 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் ஒரே தொகுதியில். எழுத்தைச் சிறிதாக்காமல் அது முடியாது.

தமிழ் எழுத்தைச் சிறிதாக்கும் பாடு அதற்கு முன்பே தொடங்கியது. தரங்கம்பாடியில் சீகன்பால்குவுக்காக ஜேர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பருமனாக இருந்தன. காகிதம் தாங்காது என்று தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்து வார்த்தார்கள். 1715இல் பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள். தமிழ் அச்சின் வரலாறு முழுக்க இந்த இழுபறி இருக்கிறது: எழுத்து பெரிதானால் காகிதம் போதாது, எழுத்து சிறிதானால் கண் போதாது.

பிள்ளைகள் கேட்டார்கள்: "அப்ப 1841 உதயதாரகை எத்தினை பொயின்ட்?"

1886க்கு முன் ஆங்கில உலகில் பொயின்ட் ஒரு பொது நியமமே இல்லை. மானிப்பாயில் கோத்த எழுத்துக்கு எண் கிடையாது. கண்டுபிடிக்க ஒரே வழி பக்கத்தை அளவுகோலால் அளப்பது. அதற்குப் பக்கம் வேண்டும். இணையத்தில் பழைய நூல்களின் படங்கள் உண்டு. ஆனால் திரையில் இருக்கும் படத்தை அளந்தால் அது திரையின் அளவு, பக்கத்தின் அளவு அல்ல. பெருப்பித்தால் பெருக்கும், சுருக்கினால் சுருங்கும். படத்தில் நூலுக்குப் பக்கத்தில் ஒரு அளவுகோல் இருந்திருந்தால் நொடியில் கணக்குப் போட்டிருப்போம். நாங்கள் பார்த்த படங்களில் அது இருக்கவில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. மிச்சமிருப்பதை இன்று பலர் பாடுபட்டுப் படமெடுத்து வைக்கிறார்கள். அவர்களுக்கு நன்றி. சொற்களைக் காப்பாற்றிவிடுகிறோம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தது, விளக்கு வெளிச்சத்தில் அதை ஒருவர் எப்படி வாசித்திருப்பார் என்பதையும் ஐம்பது ரூபாய் அளவுகோல் ஒன்றால் காப்பாற்றலாம்.

இனி எங்கள் பிழை

கண்காட்சி மூலைக்கு மேலே பெயர்ப்பலகை வைக்க முடிவு செய்தோம். எழுத்தின் உயரம் சரியாக ஓர் உன்சியா இருக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. உன்சியா 69.9 பொயின்ட் என்று கணக்கிருக்கிறதே. கணினியில் 70 என்று போட்டு அச்சிட்டோம். அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஆங்கிலப் பெரிய எழுத்து 17 மில்லிமீற்றர். தமிழ் "ப" 13 மில்லிமீற்றர். வரவேண்டியது 24.7.

கணக்கை மூன்று முறை சரிபார்த்தோம். பிழையில்லை. கடைசியில், முப்பது வருடம் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்த பெரியவர் ஒருவரைத் தேடிப்போனோம். தாளைக் கண்டதும் சிரித்தார். "மாஸ்டர், நீங்கள் அளக்கிறது எழுத்தை. அந்த நம்பர் சொல்லுறது கட்டையை" என்றார்.

விஷயம் இதுதான். ஈய எழுத்து என்பது ஒரு சின்னக் கட்டை. அதன் தலையில் எழுத்து புடைத்து நிற்கும். பொயின்ட் அளப்பது அந்தக் கட்டையை. எழுத்துக்கு மேலும் கீழும் உள்ள வெற்றிடமும் அதற்குள் அடக்கம். கணினியில் கட்டை இல்லை, ஆனால் எண் மட்டும் அந்தக் கட்டையின் நினைவாகவே இருக்கிறது. ரோமர் கல்லில் வெட்டிய எழுத்துக்குக் கட்டை இருக்கவில்லை. அதனால் நீளத்தைப் பொயின்டாக மாற்றலாம். ஆனால் அந்த எண்ணை எழுத்தளவுப் பெட்டியில் போட்டால் அந்த நீள எழுத்து வராது.

தமிழுக்கு இது இன்னும் இறுக்கம். "கீ"யின் மேற்சுழியும் "க்" மேல் புள்ளியும் மேலே இடம் கேட்கும். "மு", "ஞூ", "ஸ்ரீ" கீழே இடம் கேட்கும். ஆங்கிலத்துக்கு என்று அளவெடுத்த அதே கட்டைக்குள் இவ்வளவும் அடங்க வேண்டுமானால், நடுவில் நிற்கும் "ப", "ட", "ம" சுருங்கத்தான் வேண்டும். "அதுதான் தம்பி, இங்கிலீசுக்குப் பத்து எண்டால் தமிழுக்குப் பன்னிரண்டு போடுறனாங்கள்" என்றார் பெரியவர். அவருக்கு இது ஒரு சாதாரண விஷயம். எங்களுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏன் என்று சொல்கிறோம்.

2022இல் நாட்டில் காகிதம் இல்லாமல் பரீட்சைகள் தள்ளிப்போனது உங்களுக்கு ஞாபகமிருக்கும். அந்த நாட்களில் எங்கள் வகுப்புப் பரீட்சை வினாத்தாளை ஒரே தாளின் இரண்டு பக்கத்துக்குள் அடக்கினோம். எழுத்தை 9 பொயின்டுக்கு இறக்கினோம். ஆங்கிலத்தில் 9 பொயின்ட் வாசிக்கக்கூடியதுதானே, பத்திரிகைகளில் வருகிறதுதானே என்று நினைத்தோம். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை தாளை முகத்தோடு ஒட்டிப்பிடித்து எழுதினாள். கடைசி இரண்டு வினாக்களுக்கும் விடை இல்லை. நேரம் போதவில்லையாக்கும் என்று நாங்களே முடிவு செய்து புள்ளியைக் கழித்தோம். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

பெரியவரிடமிருந்து திரும்பி வந்த அன்று அந்தப் பழைய வினாத்தாளை எடுத்து அளந்தோம். "ப" 1.7 மில்லிமீற்றர். இன்று உயர்தரத்தில் படிக்கும் அந்தப் பிள்ளையிடம் கேட்டோம். "கடைசிப் பக்கம் வாசிக்கேலாம இருந்தது சேர்" என்றாள். நாங்கள் அவளின் கணித அறிவை அளந்ததாக நினைத்தோம். அளந்தது அவளின் கண்ணை.

எண் சமம், எழுத்து சமமில்லை

நாட்டில் சிங்களமும் தமிழும் அரச கரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. பலகைகளில் மூன்றும் வருகின்றன. மூன்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டு, "பாருங்கள், எல்லாம் 100 பொயின்ட்" என்று ஒருவர் மனச்சாட்சியோடு சொல்லலாம். ஆங்கிலம் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், தமிழ் வரி கண்ணுக்குச் சிறுத்துத் தெரியும். பலகைகளில் தமிழுக்கு நடக்கிற எல்லாவற்றுக்கும் எண்தான் காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. எழுத்துப்பிழைக்கு எந்தப் பொயின்டும் பொறுப்பல்ல. ஆனால் சில இடங்களில் கெட்ட எண்ணமே இல்லாமல், ஓர் எண்ணை நம்பியதால் மட்டும் தமிழ் சிறுத்திருக்கிறது. அதைத் திருத்தப் போராட்டம் தேவையில்லை, அளவுகோல் போதும்.

அரபு எழுத்தில் இதற்கு ஒரு பழைய வழி உண்டு. பக்தாதில் அமைச்சராக இருந்து 940இல் இறந்த இப்னு முக்லா, எழுத்துக்கு வெளியிலிருந்து அளவு கொண்டுவரவில்லை. எழுதுகோலின் முனையைத் தாளில் வைத்தால் விழும் சாய்சதுரப் புள்ளியையே அலகாக்கினார். அலிஃப் இத்தனை புள்ளி உயரம் என்று எழுத்து வகைக்கு ஏற்ப எண்ணினார்கள்: ஒன்றில் ஐந்து, இன்னொன்றில் ஏழு. பேனா பெருத்தால் புள்ளியும் பெருக்கும், எழுத்தின் இலட்சணம் மாறாது. மதரசாவில் குச்சியால் அந்தப் புள்ளிகளை வைத்துப் பழகியிருக்கிறோம். புத்தளத்தில் வளர்ந்த காலத்தில் படித்தது, பண்டத்தரிப்பில் கணித மூலையில் கைகொடுத்தது. எழுத்தை அந்த எழுத்தாலேயே அள என்பதுதான் அதில் உள்ள பாடம்.

அப்படியே செய்தோம். 70 பொயின்டில் ஆங்கில எழுத்து 17 மி.மீ. என்றால் 24.7 வருவதற்கு 102 பொயின்ட். தமிழ் "ப" 13 என்றால் 133 பொயின்ட். நேர்விகித சமன், தரம் 10 கணக்கு. இரண்டையும் அச்சிட்டு அளவுகோலை வைத்தோம். இரண்டும் ஓர் உன்சியா. எண்கள் இரண்டும் வேறு, எழுத்துகள் இரண்டும் சமம். பிள்ளைகள் கைதட்டினார்கள். கண்காட்சிக்கு வந்த ஓர் அம்மா, "இதென்ன, தமிழ் இவ்வளவு வடிவாத் தெரியுது" என்றார். காரணத்தை அவருக்கு விளக்கப் பத்து நிமிடம் எடுத்தது.

இப்போது எங்கள் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறோம். வினாத்தாளில் "ப" 2 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. கணினி சொல்லும் எண்ணைப் பார்ப்பதில்லை, அச்சிட்ட தாளை அளக்கிறோம். இன்னொரு தாள் செலவாகிறது. ஆகட்டும்.

முடிக்கும் முன் இரண்டு வேண்டுகோள்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் அடுத்த வினாத்தாளில் "ப"வை அளந்து கீழே எழுதுங்கள். வெட்கப்பட வேண்டாம், எங்களுடையது 1.7 என்று நாங்களே முதலில் சொல்லிவிட்டோம்.

வீட்டில் மானிப்பாயிலோ வேறெங்கோ அச்சான பழைய புத்தகம் வைத்திருப்பவர்களே, படமெடுக்கும்போது பக்கத்தோடு ஓர் அளவுகோலைச் சேர்த்து எடுத்து அனுப்புங்கள். 1841இல் இந்தத் தீபகற்பத்தில் ஒருவர் வாசித்த "ப" எத்தனை மில்லிமீற்றர் என்று பிள்ளைகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். பதில் உங்கள் அலுமாரியில் இருக்கலாம்.